வத்தல் ஏலம்

ஜெர்மன் சண்டைக்கு முந்தி, பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் தூத்துக்குடியில் கால்பந்து ஆடப் போன ரயிலில், எனக்கு எதிரே ஒரு கடைக்காரரும் இருந்தார். பக்கத்தில் இருந்தவர் அவரிடம் கேட்டார்:

“ஆடுதது மவனா அண்ணாச்சி?”

“இல்ல வே.”

“சொந்தக்காரப் பயலா?”

“ஒருத்தனும் இல்ல. சும்மா சத்தம் போடுததுக்குப் போறேன்.”

“வீட்ல என்ன சொன்னீய?”

“மிளகா வத்தல் ஏலத்துக்குன்னு சொல்லியிருக்கேன். தொண்ட கட்டிக்கிட்டாலும், ஏலத்துல கத்துனதுன்னு சொல்லிக்கிடலாம்லா.”

“நம்புதாங்களா?”

“இதுவரைக்கும் நம்புதா.”

மணியாச்சியில், மனைவி கட்டிக்கொடுத்த சோற்றை அவிழ்த்தார். மேலேயே ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தால் தொண்டைக்குப் பனங்கற்கண்டும் மிளகும். ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“தெரிஞ்சுதான் வச்சிருக்கா. அப்பம் இன்னும் பலமாவே கத்தலாம் வே,” என்றார்.