இன்னும் வரலை

டிஷ் மாட்டுவதற்கு ஆள் கூப்பிட வேண்டியதில்லை. ஒரு கம்பம், நாலு போல்ட்டு, ஒரு ஸ்பேனர், நீளமான கேபிள் இருந்தால் போதும். ஆனால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே நின்று தட்டைத் திருப்ப வேண்டும். இன்னொருவர் கீழே டிவி முன்னால் உட்கார்ந்து, வந்ததா வரவில்லையா என்று சொல்ல வேண்டும். மேலே இருப்பவருக்குத் திரை தெரியாது. கீழே இருப்பவர் சொல்வதைத்தான் அவர் நம்ப வேண்டும்.

என் தம்பி மேலே இருந்தான். நான் கீழே இருந்தேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன்.

எங்கள் அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழ ஆரம்பிக்கவில்லை. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவனையும் பார்த்தார்கள். மறுபடி வரவில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. என்னிடம் தையல் மிஷின் இருந்தது. அவன் இருந்தான். அவன் சாப்பிட்டானா, படித்தானா என்று பார்ப்பதிலேயே வருடங்கள் போயின. அவை நல்ல வருடங்கள்.

பிறகு அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. கல்யாணமும் நிச்சயமானது. கல்யாணம் முடிந்ததும் இருவரும் அங்கே போவதாகப் பேச்சு. ரயிலில் ஒரு பகல், ஒரு ராத்திரி. என்னையும் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட விதத்திலேயே தெரிந்தது, நான் வர மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்பது. வர மாட்டேன் என்றேன்.

அதற்குப் பிறகுதான் அந்த டிஷ்ஷை வாங்கிவந்தான்.

"நான் போனப்புறம் உனக்கு ஒரு துணை வேணும்ல?" என்றான். துணை என்று அவன் சொன்னது அந்தத் தட்டை.

"ஆளை அனுப்பறேன்னு கடைக்காரர் சொன்னாரு. எதுக்கு ஆளு? நாம ரெண்டு பேர் இருக்கமே."

"கீழ விழுந்து வெக்காத."

"விழுந்தா நீதான் தைக்கணும்."

அவன் இப்படித்தான் பேசுவான்.

அவன் கட்டிக்கொள்ள இருந்த பெண் அன்று காலை எனக்குப் போன் செய்தாள். "அண்ணி, அவர மேல ஏத்தாதீங்க. ஆளை வெச்சுப் பாத்துக்கலாம்" என்றாள். "உன் ஆளு என் பேச்சைக் கேட்டாத்தானம்மா" என்றேன். இருவரும் சிரித்தோம். அவள் நல்ல பெண். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னறைக்கு மொட்டைமாடி உண்டு. அங்கே வைத்தால் பக்கத்துக் கட்டடம் மறைக்கும். அதனால் பின்னறைக்கு மேல்தான் வைக்க முடிந்தது. பின்னறைக்கு சிமெண்ட் ஷீட். அதன் மேல் நடப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. போல்ட்டு வரிசையாகத் தெரியும் இடத்தில் மட்டும்தான் கால் வைக்க வேண்டும். அதற்கு அடியில்தான் இரும்புச் சட்டம் ஓடும். அது என் தம்பிக்கும் தெரியும்.

அந்த அறைதான் என் தையல் அறை. டிவியும் அங்கேதான் இருந்தது. மிஷினுக்கு நேர் மேலே, வெளிச்சத்துக்காக, ஒரு ஷீட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டிருந்தோம். கீழே இருந்து பார்த்தால் அது பளிச்சென்று தெரியும். மேலே இருந்து பார்த்தால் தெரியாது. தூசியும் பாசியும் படிந்து எல்லா ஷீட்டும் ஒரே நிறமாகிவிட்டன. வெயில் பட்டுப் பட்டு அது அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. ஒரு பூனை நடந்தாலே நெறுநெறுக்கும்.

மேலே ஏறியதும் கூரை வழியாகக் கத்தினான்.

"அக்கா, அந்த வெளிச்ச ஷீட்டு எனக்கு எந்தப் பக்கம்? எல்லாம் ஒரே பாசியா இருக்கு."

நான் அண்ணாந்து பார்த்தேன். வெளிச்சத்தின் ஓரத்தில் அவன் நிழல் விழுந்திருந்தது.

"இடது கைப்பக்கம். அங்க கால் வெக்காத" என்றேன்.

அப்போது அது உண்மை. அவன் கம்பத்துக்குப் பின்னால், தெருவைப் பார்த்து நின்றிருந்தான். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

திரையில் இரண்டு கோடுகள் தெரியும். மேல் கோடு எப்போதும் நிறைந்திருக்கும். கேபிள் செருகியிருக்கிறது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். கீழ்க் கோடுதான் முக்கியம். தட்டு சரியான இடத்தைப் பார்க்கும்வரை அது எழும்பாது. விரல் அகலம் தப்பினாலும் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறை திருப்பிய பிறகும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நான் டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்தேன். சத்தம் இருந்தால் அவன் குரல் எனக்குக் கேட்காது.

"வருதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல."

அதுவரை நான் உள்ளதைத்தான் சொன்னேன்.

பிறகு கீழ்க் கோடு எழுந்தது. திரை ஒரு முறை கறுத்தது. படம் வந்துவிட்டது. கோட்டு போட்ட ஒருவர் வரைபடத்தின் முன்னால் நின்று, எங்கோ மழை பெய்யும் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். துடைத்துவைத்த மாதிரி அவ்வளவு தெளிவு.

"வருதா அக்கா?"

வந்துவிட்டது என்றால் அவன் போல்ட்டை இறுக்குவான். இறங்குவான். கை கழுவுவான். என்னை உட்காரவைத்து ரிமோட்டில் எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டுவான். பிறகு பெட்டி கட்டுவான்.

"இன்னும் வரலை" என்றேன்.

அந்த நேரத்தில் என் மனத்தில் எந்தத் திட்டமும் இல்லை. அவன் இன்னும் கொஞ்ச நேரம் மேலே இருக்கட்டும் என்று மட்டும்தான். நாளைக்குச் செய்யலாம் என்று எதையாவது தள்ளிவைத்தவர்களுக்கு அது புரியும்.

அவன் தட்டைத் திருப்பினான். படம் போயிற்று. திருப்பிக்கொண்டு வந்தான். படம் வந்தது. வரலை என்றேன். வெயில் ஏறியது. ஷீட்டின் சூடு அவன் செருப்பையும் தாண்டியிருக்கும். நிழல் கால் மாற்றி மாற்றி நின்றது.

"ஏன்க்கா, நான் ஏறுறதைப் பாத்துட்டு அந்த சாட்டிலைட்டு ஊரைவிட்டே ஓடிடுச்சா?"

"இருக்கும்."

"உனக்கு டிவி வேணாம்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு."



கொஞ்ச நேரம் கழித்து, "இது ஆவறதில்ல. நாளைக்கு ஆளையே கூப்பிட்டுடறேன்" என்றான்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆள் வந்தால் கையில் மீட்டர் கொண்டுவருவார். அது பீப் என்று கத்தும். கத்தும் இடத்தில் இறுக்கிவிட்டுப் போய்விடுவார். அவருக்குக் கீழே யாரும் உட்கார வேண்டியதில்லை.

ஸ்பேனரை அவன் பையில் போடும் சத்தம் கேட்டது.

"இரு இரு" என்றேன். "இப்பக் கொஞ்சம் வந்த மாதிரி இருந்துச்சு. இன்னும் அந்தப் பக்கம் திருப்பு."

"இங்கிருந்து கை எட்டல."

"சுத்திப் போய்த் திருப்பு."

அவன் கம்பத்தைச் சுற்றி மறுபக்கம் வந்தான். இப்போது அவன் முகம் வீட்டைப் பார்த்திருந்தது. வெளிச்ச ஷீட் அவனுக்கு வலது கைப்பக்கம் வந்துவிட்டது. நான் இடது என்று சொன்னதை அவன் மறக்கவில்லை. என் பேச்சைத் தட்டும் பிள்ளை இல்லை அவன். இடப்பக்கத்தை ஜாக்கிரதையாக ஒதுக்கி, ஒவ்வோர் அடியாக வலப்பக்கம் நகர்ந்தான்.

நான் திரையைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் குதிகாலின் நிழல் தெரிந்தது. அப்புறம் பாதி கால்.

"இப்ப?"

"இன்னும் வரலை. இன்னும் கொஞ்சம்."

மிஷினில் ஒருவருடைய சட்டை பாதித் தையலில் இருந்தது. அதை ஊசியிலிருந்து எடுத்து, மடித்து, அலமாரியில் வைத்தேன். வந்து உட்கார்ந்தேன்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

அவன் விழும்போது கத்தவில்லை. ஷீட்தான் சத்தம் போட்டது. முதுகு மிஷின் மேசையின் விளிம்பில் பட்டு, தரையில் ஒருக்களித்துக் கிடந்தான். பாசியும் பிளாஸ்டிக் துண்டுகளும் அவன் மேல் கொட்டின. கண் திறந்துதான் இருந்தது. டிவி அவனுக்கு நேர் எதிரே. அதில் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தையைக் குளிப்பாட்டும் சோப்பு விளம்பரம். அவன் அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

நான் முதலில் டிவியை அணைத்தேன். பிறகு வெளியே போய் ஆட்களைக் கூப்பிட்டேன்.

நான் நினைத்தது ஒரு கால். அதை ஒளிக்கவில்லை. ஒரு கால் முறிந்தால் சில மாதம் படுத்திருப்பான். அந்த வேலைக்கு வேறு ஆள் எடுத்துக்கொள்வார்கள். கல்யாணம் தள்ளிப்போகும். தள்ளிப்போவது சில சமயம் நின்றும் போகும். கால் ஒட்டிக்கொள்ளும். முதுகை நான் நினைக்கவே இல்லை. மிஷின் அங்கே இருந்தது என் ஞாபகத்தில் இல்லை.

அப்படியானால் சட்டையை ஏன் எடுத்துவைத்தீர்கள் என்று கேட்கிறீர்கள். பழக்கம்தான். அடுத்தவர் துணி அழுக்காகக் கூடாது.

ஆஸ்பத்திரியில், கால் தவறிவிட்டது என்று அவனே சொன்னான். அங்கே வந்த உங்கள் போலீஸ்காரரிடமும் அதையே சொன்னான். படத்தைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அடிபட்ட மயக்கத்தில் கண்ட கனவு என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நன்றாக இருந்தோம். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. பெரும்பாலும் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். கழுத்தில் பட்டை. கூரையைத் தவிர எதையும் அவனால் பார்க்க முடியாது. நான் ஊட்டினேன், துடைத்தேன், புரட்டிப் படுக்கவைத்தேன். சின்ன வயதில் செய்தது எதுவும் கைக்கு மறக்கவில்லை.

தினமும் காலையில் அவன் காலை அசைக்கப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எப்போதாவது ஒரு விரல் அசைந்தால் உடனே கூட்டிவர வேண்டும், அதற்கு வைத்தியம் இருக்கிறது, நாள் கடத்தக் கூடாது என்றார். அந்த வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரியும் அவன் வேலைக்குப் போக இருந்த ஊரில்தான்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு முயற்சி செய்வான். நெற்றி வியர்க்கும். நான் கால்மாட்டில் நின்று போர்வையைத் தூக்கிப் பார்ப்பேன்.

"அசையுதா அக்கா?"

"இல்லப்பா."

பல வாரம் அது உண்மை. ஒரு நாள் வலது கால் கட்டைவிரல் மடங்கியது. மடங்கி, நிமிர்ந்தது. அவனுக்குத் தெரியவில்லை. உணர்ச்சி இல்லையே.

"அசையுதா?"

"இன்னும் இல்ல" என்றேன். போர்வையை மூடினேன்.

அன்று முதல் தினமும் அசைந்தது. பிறகு பக்கத்து விரலும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து பயிற்சி கொடுக்க வந்த அம்மாவை, உங்களுக்கு எதற்குச் சிரமம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நிறுத்திவிட்டேன். கொஞ்ச நாளில் அவன் கேட்பதைக் குறைத்தான். பிறகு முயற்சி செய்வதையும். அவன் முகத்தில் ஓர் அமைதி வந்தது. அதை நான் நல்லதென்று எடுத்துக்கொண்டேன்.

அவன் கட்டிக்கொள்ள இருந்த பெண் லீவு கிடைத்தபோதெல்லாம் வந்தாள். நிச்சயத்தை முறித்துக்கொள்ளச் சொல்லி நானே ஜாடையாகச் சொன்னேன். "பாத்துக்கலாம் அண்ணி" என்றாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். போன வாரம் நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். கடையில் கூட்டம். திரும்பி வந்தபோது அவள் கால்மாட்டில், நான் நிற்கும் இடத்தில் நின்றிருந்தாள். போர்வை விலகியிருந்தது. கைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியை அவன் பார்க்கும்படி சாய்த்துப் பிடித்திருந்தாள்.

அவன் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினான்.

"இது எவ்வளவு நாளா அசையுது?"

"இப்பத்தான் அசைஞ்சிருக்கும்" என்றேன்.

"அண்ணி, நாள் கடத்தக் கூடாதுன்னாங்களே" என்றாள் அவள்.

அவன் அவளைப் பேச வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

"அக்கா, அன்னிக்குப் படம் வந்திருந்துச்சுல்ல?"

குரலில் கோபம் இல்லை. பசிக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டான். அவன் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை.

"வந்திருந்துச்சு" என்றேன்.

"எப்பலேர்ந்து?"

"நீ ஏறுன கொஞ்ச நேரத்துலேர்ந்து."

அவன் கண்ணாடியை எடுத்துவிடச் சொன்னான். அவ்வளவுதான் நடந்தது.

தள்ளியது நான் இல்லை. தொட்டதுகூட இல்லை. ஆனால் நான்தான் செய்தேன். இதில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். நாள் கடந்துவிட்டது, இனிமேல் அவன் நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். அவன் நடக்காவிட்டால் என்ன? நான் இருக்கிறேனே.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். என்னை ஒரு தடவை அவனிடம் கூட்டிக்கொண்டு போங்கள். புரட்டிப் படுக்கவைக்க அவளுக்குத் தெரியாது. புண் வந்துவிடும்.

இனி என் முகத்தில் முழிக்க வேண்டாம் என்று அவன் சொன்னதாகச் சொல்கிறீர்கள். நீங்கள் நேரில் கேட்டீர்களா? இல்லை. அவள் வந்து சொன்னாள், நீங்கள் என்னிடம் சொல்கிறீர்கள். அவன் ஓர் அறையில் இருக்கிறான், நான் ஓர் அறையில் இருக்கிறேன். நடுவில் இருப்பவர்கள் சொல்வதை நான் எப்படி நம்புவது?