நாலு குறைச்சல்

ம்ஹும், வாயை அசைக்காதீங்க சார். அசைஞ்சா அளவு கோணிப்போயிடும், அப்புறம் பல்செட்டு உங்க வாய்க்குள்ள தனியா ஊஞ்சலாடும். வாயில வெச்சிருக்கற அளவு மாவு இறுக அஞ்சு நிமிஷம் ஆகும். மூக்கால மூச்சு விடுங்க. ஆங், அப்படித்தான்.

எதுல விட்டேன்? டிவி. நம்ம ஊர்லயே ஒரு டிவி நிலையம் வந்த புதுசு. நிலையம்னா பெருசா நினைச்சுக்காதீங்க, சைக்கிள் கடை மாடியில ஒரே ரூம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வினாடி வினா, நேரடி ஒளிபரப்பு. பாக்க வந்தவங்க ஆறே பேர். கேமரா திரும்பறதுக்குள்ள குனிஞ்சு ஓடி அடுத்த பெஞ்சுல உக்காந்துடுவாங்க, வீட்ல பாக்கறவங்களுக்கு அறுபது பேராத் தெரியும். சத்தியமா! லைட்டு சூட்டுல, என் சட்டைப் பையில வெச்சிருந்த மெழுகுப் பல்செட்டு உருகி, பேண்ட் வழியா இறங்கி, செருப்பைக் கடிச்சுக்கிட்டு நின்னுது. சிரிக்காதீங்க சார், அளவு போயிடும்.

ஆறு வாரம் ஜெயிச்சு கடைசிச் சுத்துக்கு வந்துட்டேன். எதிர்ல ஒரு வக்கீல். ரெண்டு பேரும் சமம், ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. கேள்வி கேக்கறவர் இருந்தாரே, என்ன குரல்ங்கறீங்க! கேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை செருமுவார். ஒண்ணு சின்னதா, ஒண்ணு பெருசா. செருமினார். குழந்தைக்குப் பால் பல் மொத்தம் எத்தனைன்னார்.

பல்லு கட்டறவன்கிட்ட கேக்கற கேள்வியா அது? இருபதுன்னேன். அட்டையைப் பாத்தார். என்னைப் பாத்தார். மறுபடி அட்டையைப் பாத்தார். தவறு, இருபத்திநாலுன்னுட்டார். வக்கீலுக்குச் சுவர்க் கடிகாரம்.

முடிஞ்சதும் கேள்வி கேட்டவர் மாடிப்படியில என் கையைப் பிடிச்சுக்கிட்டார். அண்ணே, அட்டை எழுதினவன் தப்பா எழுதிட்டான், அது எனக்கும் தெரியும், நடுவுல மாத்திச் சொன்னா என் வேலை போயிடும், அடுத்த வெள்ளிக்கிழமை நானே திருத்திச் சொல்லிடறேன், என் புள்ளை மேல சத்தியம்னார். நம்பினேன் சார். அந்த மனுஷன் வேலை போயிடக்கூடாதேன்னு யார்கிட்டயும் மூச்சு விடலை.

அடுத்த வெள்ளி தெருவே எங்க வீட்ல வந்து உக்காந்துது. அவர் சொல்லலை. அதுக்கடுத்த வெள்ளியும் சொல்லலை. நிகழ்ச்சியை நிறுத்தற வரைக்கும் பாத்தேன். அதுக்குள்ள எனக்குப் பேர் வெச்சுட்டாங்க, நாலு குறைச்சல்னு. அவன்கிட்டப் போனா நாலு பல்லு குறைச்சுத்தான் கட்டுவான்னு எல்லாரும் எதிர்க்கடைக்குப் போனாங்க. ஊர்க்காரங்களை விடுங்க. என் பொண்டாட்டி, அதோ வாசல்ல சீட்டு எழுதிக்கிட்டிருக்காளே, அவதான், எங்க பொண்ணு வாயைத் திறந்து எண்ணிப் பாத்தா. இருபது. மறுபடி எண்ணினா. இருபது. அப்புறம் என்ன சொன்னா தெரியுமா? மிச்சம் நாலு இனிமே முளைக்கும், டிவியில பொய்யா சொல்வாங்கன்னா.

ஏன் சார் வேர்க்குது? ஃபேனைக் கூட்டட்டுமா?

மாவு இறுகிடுச்சு. இருந்தாலும் ஒரு நிமிஷம் இருக்கட்டும். எனக்கு முடியெல்லாம் கொட்டிப்போச்சு, உங்களுக்கு அடையாளம் தெரியலை, அது தப்பில்லை. எனக்கும் தெரிஞ்சிருக்காது. உள்ள வந்ததும் செருமினீங்க பாருங்க, ஒண்ணு சின்னதா, ஒண்ணு பெருசா.

எந்திரிக்காதீங்க. பல்லு நல்லாவே கட்டித் தருவேன், ஒண்ணு குறையாது.

இந்தாம்மா, சீட்டு எழுதினது போதும், இங்க வா. கண்ணாடியைப் போட்டுட்டு வா. யாருன்னு தெரியுதா? அவரேதான்.

சார், பேச வேண்டாம், விரல்ல காட்டுங்க போதும். பால் பல் மொத்தம் எத்தனை? ரெண்டு கையையும் நல்லா விரிங்க. ஆங். மடக்குங்க. இன்னொரு தடவை.

எண்ணிக்கிட்டியாடி?