சாயாத நெல் தந்த இடுக்கியம்மாவுக்குப் பணிநிறைவு வாழ்த்துமடல்

நெல்லை நிமிர்ந்து நிற்கவைத்த நெஞ்சுரமே, பூவுக்குள் புகுந்து புதுப்பயிர் படைத்த பொறுமைக்கடலே, முப்பத்து நான்கு ஆண்டுகளாக எங்களை வெயிலில் காயவைத்த இரக்கமற்ற இடுக்கியம்மாவே, வணக்கம்.

ஒரு நெற்பூவுக்கு ஆறு மகரந்தப் பைகள். அவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாகக் களைந்து, வேறொரு நெல்லின் தூளைத் தூவி, காகித உறை மாட்டிச் சம்பந்தம் முடித்துவைத்தீர்கள். தூள் பறந்துவிடும் என்று, நெற்பூ திறந்திருக்கும் இரண்டு மணி நேரமும் நம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தும்மலுக்குத் தடை. தட்டச்சர் அன்று அடக்கிய தும்மல் ஒன்று இன்றுவரை வெளிவரவில்லை, மருத்துவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மணி மிகுந்து மண்ணில் சாயும் நெட்டை நெல்லையும், நிமிர்ந்து நின்றும் நாலே மணி தரும் குட்டை நெல்லையும் இணைக்கத் தாங்கள் புறப்பட்டபோது, இதோ மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் ஐயா கேட்டார்: “உரத்தை இன்னும் ரெண்டு மூட்டை கொட்டினா விளையாதா? எதுக்கும்மா இந்தப் பூ வேலை?”

“சாயுற பயிருக்கு உரம் போட்டா இன்னும் சீக்கிரமா சாயும் சார். எல்லாருக்கும் சோறு வேணும்னா முதல்ல விதையை மாத்தணும்” என்றீர்கள். ஐயா அதன்பின் அவ்வயல் பக்கம் வரவில்லை.

ஏழு தலைமுறை வளர்த்தீர்கள். முழங்கையால் தள்ளிப் பார்த்து, சாய்ந்த செடியையெல்லாம் ஈவிரக்கமின்றிக் கழித்தீர்கள். சென்ற ஆண்டுப் புயலில் அலுவலகக் கூரை பறந்தது. ஐயாவின் நாற்காலி நாற்பது கல் தொலைவில், ஒரு கோப்பில் கையெழுத்திட்டபடி கண்டெடுக்கப்பட்டது. தங்கள் நெல்லோ வாரிய தலை கலையாமல் நின்று, பக்கத்து வயலைப்போல் ஒன்றரை மடங்கு விளைந்தது. இது மட்டும் மிகையில்லை, தராசு சாட்சி.

எட்டாம் தலைமுறையை உழவர்களின் வழக்கமான நெல்லோடு அருகருகே நட்டு ஒப்பிட்டால்தான் அது அவர்கள் கைக்குப் போகும். இந்தப் பருவம் தவறினால் விதை உறைக்குள்ளேயே உறங்கிவிடும். அது தெரிந்தும், தாங்கள் ஓய்வுபெற்ற மறுநாளே வயலை உழுது சமன்செய்து, வண்டிகள் நிறுத்தும் இடமாக்க வேண்டும் என்று ஐயாவின் ஆணை வந்திருக்கிறது.

ஆணையைப் படித்தோம். மடித்தோம். இன்று காலை, மேடைக்கு நாற்காலி போட்டிருக்க வேண்டிய நேரத்தில், அதே வயலில் எட்டாம் தலைமுறை நாற்றை நட்டோம். விழா தாமதமானதற்கும், எங்கள் நகக்கண்ணில் இருக்கும் சேற்றுக்கும் காரணம் அதுவே. மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

நோய்நொடியின்றி நூறாண்டு தாங்கள் வாழ வேண்டும். வாழ்த்தோடு விட்டுவிட மாட்டோம். அறுவடையன்று எடைபோட வந்தாக வேண்டும். பரிசுப்பையை வீட்டுக்குப் போய்த் திறக்கவும். நாளை வயலை உழ வரவேண்டிய டிராக்டரின் சாவி அதில்தான் இருக்கிறது. வேறு சாவி இல்லை.

இங்ஙனம்,
அந்தச் சாவியை யாரும் கேட்காமலே கழற்றிக் கொடுத்த டிராக்டர் ஓட்டுநரும், நிலையப் பணியாளர்கள் அனைவரும்