எதிர்வீட்டுக்கு விற்ற டிவி

– எதிர்வீட்டு ஜன்னல் இன்னிக்கும் சாத்தித்தான் கிடக்கு.

– நல்லா எட்டிப் பாருங்க. ஜன்னல் இடுக்குல நீலமா ஏதாச்சும் வெளிச்சம் தெரியுதா?

– ஒரு பொட்டு தெரியல. அந்த சீரியல்ல நர்ஸ் மாடிப்படியில கால் வழுக்கி விழுந்தாளே, எழுந்தாளா இல்லையான்னே தெரியாம மூணு நாளா மனசு கிடந்து தவிக்குது.

– டிவிய எதிர்வீட்டுக்கு வித்துட்டு, நம்ம வீட்டு ஜன்னல்ல நின்னு அதையே பாக்கலாம்னு உங்களத் தவிர உலகத்துல யாருக்காவது தோணுமா?

– அதுக்குப் பேருதான் மூளை. காசு நம்ம கையில, கரண்டு பில்லு அவங்க தலையில, படம் நம்ம கண்ணுல.

– சத்தம்?

– அதுக்குத்தான் நான் இருக்கேனே. பஸ் ஸ்டாண்டுல காலையிலேருந்து மைக்ல கத்தறவனுக்கு, நாலு பேரோட வாயசைவுக்குக் குரல் குடுக்கறது ஒரு வேலையா?

– ஆமா, பெரிய குரல். காதலன் அவ கையப் புடிச்சுக்கிட்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, நான் உன்னை நேசிக்கிறேன், நடைமேடை மூன்று"ன்னா சொல்லுவான்?

– ஒரு தடவ வாய் தவறிடுச்சு, அதையே சொல்லிக் காட்டு. வில்லன் குரல் எப்படி இருந்துச்சு? நீயே பயந்துபோய் பக்கத்துல வந்து ஒட்டிக்கிட்டியே.

– குளிருங்க. ரெண்டு பேருக்கு ஒரு போர்வை போதும்னு இன்னொண்ண வித்தது யாரு?

– அதுக்கு நல்ல விலை வந்துச்சு, மறந்துடாத.

– அது கிடக்கட்டும். மூணு நாளா நீங்க வாயே திறக்கலியே.

– படம் இல்லாம என்னத்தப் பேசறது?

– சும்மா பேசுங்களேன்.

– எதப் பத்தி?

– என்னப் பத்தித்தான் பேசுங்க.

– உன்னப் பத்தி எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அப்புறம் எதுக்கு வீண் செலவு?

– நல்லா இருக்குங்க உங்க சிக்கனம். டீத்தூளு ரெண்டு தடவ கொதிக்குது, சட்டைக்குக் காலர் மட்டும்தான் இஸ்திரி, பேச்சுக்குமா அளவு?

– மைக் முன்னாடி உக்கார்றவன் முதுக யாரு பாக்கப் போறா? காலருக்கே அது தண்டம். சரி, ரொம்ப ஏங்கிப்போயிட்ட போலிருக்கு. பழசா ஒரு டிவி வாங்கிடட்டுமா?

– வேணவே வேணாம்!

– ஏன் இப்படித் தூக்கிவாரிப் போடுது உனக்கு? வாங்கித் தர்றேன்னு என் வாயிலேருந்து வர்றதே அபூர்வம்.

– அதான் பயமா இருக்கு. இருங்க, யாரோ கதவத் தட்டறாங்க.

– பெல்லு இருக்கையில ஏன் தட்டறாங்க?

– பெல்லுக்குப் போற ஒயரப் புடுங்கிவெச்சது நீங்கதானே! ஐயையோ, எதிர்வீட்டு அக்கா. வாங்கக்கா, உள்ள வாங்க.

– என்னம்மா, ரெண்டு பேரும் இருட்டுல நிக்கறீங்க?

– கண்ணுக்கு ஓய்வு குடுக்கறோம்க்கா. பாத்து வாங்க, அங்க ஒரு நாற்காலி இருக்கு. அது இல்ல, அது என் வீட்டுக்காரரு.

– தப்பா எடுத்துக்காத தம்பி, ஒண்ணு பேசணும்னு வந்தேன். ஜன்னல் விஷயம்.

– அக்கா, சத்தியமா நாங்க உங்க வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல!

– பாக்காம எப்படித் தம்பி கதை சொல்லுவ?

– எந்தக் கதை?

– தப்பா எடுத்துக்காத. வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த மீசைக்காரர அந்த நர்ஸ் பொண்ணுக்கு மாமான்னு சொன்ன. திங்கக்கிழமை திடீர்னு அண்ணனாக்கிட்ட. எங்க வீட்டு மனுஷன் கிடங்குல சரக்கு சரிபாக்கற ஆளு. ஒரு மூட்டை குறைஞ்சாலே தூக்கம் வராது அவருக்கு. "மாமா ஒருத்தர் இருப்புல குறையறாரு, இதெல்லாம் ஒரு கதையா"ன்னு எகிறிக் குதிச்சு ஜன்னல அடிச்சுச் சாத்திட்டாரு.

– நான் பேசறது உங்க வீடு வரைக்கும் கேக்குதா?

– கேக்குதாவா! பஸ் ஸ்டாண்டுத் தொண்டை தம்பி உன்னுது. ரகசியம் பேசற காட்சிகூடத் தெருக்கோடி வரைக்கும் கேக்குது.

– சரிக்கா, டிவியே பேசும்போது நடுவுல என் உளறலு உங்களுக்கு எதுக்கு?

– அது எங்க பேசுது? வாங்கின நாளாவே ஊமை. ஆளுங்க வாய வாய அசைக்கறாங்க, ஒரு சொல்லு வெளிய வரல. இவரு ரிப்பேர்காரரக் கூட்டிட்டு வர்றேன்னு செருப்ப மாட்டினாரு. அந்த நேரம் பாத்து இங்கேருந்து உன் குரல் கேட்டுச்சு. வாயசைவுக்கும் ஏதோ பொருந்துச்சு. "எதிர்வீட்டுல இலவசமா வருது, எதுக்கு ரிப்பேர்"னு செருப்பக் கழட்டிட்டாரு.

– ஆக, படம் உங்க வீட்டுலேருந்து எங்களுக்கு, சத்தம் எங்க வீட்டுலேருந்து உங்களுக்கு. ஏங்க, உங்களுக்கு மேல ஒருத்தர் இருக்காரு!

– சும்மா இரு, இது சிரிக்கற விஷயம் இல்ல. அக்கா, இங்க இருந்தவரைக்கும் அது கணீர்னு பேசுச்சு. நல்லா ஓடும்னு நான் என் வாயால சொல்லி வித்தேன்.

– அதனால என்ன தம்பி?

– அதனால என்னவா? மைக்ல நான் பஸ்ஸு வருதுன்னா வந்து நிக்கணும். வராத பஸ்ஸ வருதுன்னு ஒரு நாளும் சொன்னவன் இல்ல நான். உங்க பணத்தத் திருப்பிக் குடுத்துடறேன். டிவிய நானே தூக்கிட்டு வந்து, ரிப்பேர் பண்ணி, இங்கயே வெச்சுக்கறேன்.

– வேணாங்க!

– ஐயோ, வேணாம் தம்பி!

– என்னது, ரெண்டு பேரும் சேந்து கத்தறீங்க?

– இல்லீங்க, ரிப்பேருக்குக் காசு, கரண்டு பில்லு வேற ஏறும், அதான்.

– ஏறட்டும். என்னக் கஞ்சன்னு ஊரே சொல்லட்டும், சிரிச்சுட்டுப் போவேன். ஏமாத்துக்காரன்னு ஒருத்தர் சொன்னா எனக்குச் சோறு இறங்காது. சிக்கனம் வேற, பித்தலாட்டம் வேற. இருங்க, பின்னறைப் பரண்ல காசு டப்பா இருக்கு, எடுத்துட்டு வர்றேன்.

– விளக்காவது போட்டுக்கிட்டுப் போங்க.

– எதுக்கு? காசு இருக்கற இடம் எனக்குக் கண்ணக் கட்டினாலும் தெரியும்.

– அக்கா, அவரு இறங்கி வர்றதுக்குள்ள சொல்லிடறேன். டிவி ஊமை இல்லக்கா. குடுக்கறதுக்கு முன்னாடி நான்தான் ரிமோட்டுல சத்தத்த அடைச்சேன். ரிமோட் தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னேனே, அதுவும் பொய், என் துணிக்கு அடியில இருக்கு.

– ஏம்மா இப்படிப் பண்ணின?

– ஊருக்கெல்லாம் பேசிட்டு வருவாரு, வீட்டுக்கு வந்தா வாய்க்குப் பூட்டு. சாப்பிட்டியான்னுகூடக் கேட்டதில்ல. டிவி பேசும், நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில உக்காந்து கேப்போம். விக்கறதுக்கு முந்தின நாள் சத்தத்த அடைச்சுட்டுத் தொடைச்சுக்கிட்டிருந்தேன். விளையாட்டா வில்லனுக்குக் குரல் குடுத்தாரு பாருங்க, எனக்கு வயிறு வலிக்கற அளவுக்குச் சிரிப்பு. அவரும் என்னப் பாத்து, இன்னும், இன்னும்னு பேசினாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சுக்கா. உங்க வீட்டுலேருந்து அது சத்தம் போட்டு இங்க கேட்டா இவரு மறுபடி அடங்கிடுவாரேன்னு பயந்துட்டேன்.

– அடி பைத்தியக்காரி.

– இப்ப டிவி இங்க வந்து, ரிப்பேர்காரர் ஒரு பட்டன அமுக்கினா போச்சு. என் குட்டும் உடைஞ்சுடும், அவரு பேச்சும் நின்னுடும்.

– அக்கா! இருக்கீங்களா? டப்பா அகப்பட்டுடுச்சு! அந்த மாமா விஷயம், உங்க வீட்டுக்காரர்கிட்ட இப்படிச் சொல்லிடுங்க: கனிவான கவனத்திற்கு, மாமா ஞாயித்துக்கிழமை சாயங்கால வண்டியில புறப்பட்டுச் சென்றுவிட்டார், அண்ணன் அதே வண்டியில வந்து இறங்கினார்!

– சொல்லிடறேன் தம்பி! மெதுவா இறங்கு, ஒண்ணும் அவசரமில்ல!

– என்னக்கா பண்றது? காசோட வர்றாரே. உங்க பணத்துக்கு ஊமை டிவியக் குடுத்தேன், என்ன மன்னிச்சுடுங்க.

– நீ தப்பா எடுத்துக்காதம்மா, வாங்கின மறுவாரமே தூசி தட்டும்போது டிவியோட பக்கவாட்டுப் பட்டன்ல கை பட்டு அது காது கிழியக் கத்துச்சு, எங்க வீட்டு மனுஷன் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள நானே மறுபடி அதன் வாய அடைச்சுட்டேன், அவரு ஜன்னலோரமா என் பக்கத்துல வந்து உக்கார்றதும் இந்த ஊமை வந்தப்புறம்தானே.