ஞாயித்துக்கிழமை வாஷிக்குப் போறது யாரு?

இசக்கிசெல்வி: ஒரே ஒரு நாளுதானக்கா... ஞாயித்துக்கிழமை வாஷிக்கு, ஒங்க தங்கச்சி வீட்டுக்கு...

மாரிசெல்வி: நம்ம நாத்தனா முத்துரேகாவப் பொண்ணு பாக்க வாராவ. மூத்த மருமவ நான் வாஷியில போயி என்ன செய்ய?

இசக்கிசெல்வி: நீங்க இருங்க. கண்ணன மட்டும் அனுப்பிட்டா...

மாரிசெல்வி: ஓ! எம் மவன மட்டும் கடத்தணுமாக்கும்?

இசக்கிசெல்வி: கோவப்படாதிய. ஒம்பது வயசாச்சு, ஒரு வார்த்த பேசல. கைய உதறிக்கிட்டே இருக்கான். வீட்டுல ஆட்டிசம்னு தெரிஞ்சா இந்தச் சம்பந்தமும் போயிரும். ஏற்கெனவே ரெண்டு போயிட்டு.

மாரிசெல்வி: ஒம் மவன் ஜம்புக்கும் டாக்டரம்மா அதத்தான எழுதிக் குடுத்தாவ?

இசக்கிசெல்வி: அவன் பேசுதாம்லா! பன்வேல் வரைக்கும் ஸ்டேஷன் பேரு பூரா சொல்லுவான். பாத்தா ஒண்ணும் தெரியாது.

மாரிசெல்வி: சொல்லுவான்... நிறுத்துவானா? பக்கத்து வீட்டு ஷைஸ்தா ஆண்ட்டிட்ட, "முடிக்கு மை போட்டா வயசு கொறையாது"ன்னது யாரு?

இசக்கிசெல்வி: அது... உள்ளதத்தான சொன்னான்.

மாரிசெல்வி: மாப்ளயோட அம்மாவும் மை போடுதவதான். பாத்துக்க.

இசக்கிசெல்வி: அக்கா...

மாரிசெல்வி: குக்கர் விசிலடிச்சா ஜம்பு காதப் பொத்திக்கிட்டு கட்டிலுக்கு அடியில போயிருவான். எம் மவன் அசைய மாட்டான். பாட்டில் மூடிய அடுக்கிக்கிட்டு ஒரு ஓரமா இருப்பான்.

இசக்கிசெல்வி: கதவு தெறந்திருந்தா ஓடிருவாம்லா? அன்னைக்கு மாஹிம் ஸ்டேஷன்ல போயில்லா புடிச்சோம்.

மாரிசெல்வி: ...ஆமா. ஓடுவான்.

இசக்கிசெல்வி: ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லக்கா. ஜம்புக்கு லேசுதான்.

மாரிசெல்வி: லேசா? பின்ன எதுக்குட்டி பள்ளிக்கூடத்துல இருந்து வாரம் ரெண்டு தடவ ஒன்னக் கூப்புடுதாவ?

இசக்கிசெல்வி: கூப்புடுதாவதான்... நான் என்னக்கா செய்யட்டும்?

மாரிசெல்வி: ஏட்டி... இப்ப எதுக்கு அழுத?

இசக்கிசெல்வி: மாப்ளயோட அம்மா புதன்கிழமை எனக்குப் போன் பண்ணாவக்கா. "ஒங்க வீட்டுல பேசாத புள்ள ஒண்ணு இருக்காமே"ன்னு கேட்டாவ. நான்... "அது எங்க அக்கா மவன், எம் மவனுக்கு ஒரு கொறையும் இல்ல"ன்னுட்டேன்.

மாரிசெல்வி: தெரியும்ட்டி. வியாழக்கிழமை எனக்குப் பண்ணாவ. ஒண்ணுல்ல, ரெண்டுன்னு சொல்லிட்டேன். அப்படியும் வாரோம்னாவ.