நூறு நூறாத் தாண்டின வேகம்

நீங்கதான் சார் பண்ணுனீங்க. கம்ப்யூட்டர் மேல பழியப் போடாதீங்க. அது தானா கையெழுத்து போடுமா?

நான் கத்தல. என் குரலே இப்படித்தான். லேத்து சத்தத்துக்கு மேல பேசிப் பேசி தொண்டை இப்படி ஆயிடுச்சு. உக்காருங்க. டீ ஆறுது பாருங்க.

நான் எட்டாவதோட நின்னவன். பழைய இரும்ப வாங்கி வித்து, பேரம் பேசிப் பேசியே இந்தப் பட்டறைய எழுப்புனேன். என்னை ஏமாத்தப் பாக்காதவன் கம்மி. அதனால ஒருத்தர் பேசுனா பேச்சக் கேக்க மாட்டேன், கையத்தான் பாப்பேன். உங்க கை அந்த டம்ளரையே சுத்திக்கிட்டிருக்கு.

மில்லுக்காரர் மிஷின்ல சுத்துற நீளத் தண்டு, ஷாஃப்ட்டு, ரெண்டு வேணும்னார். ஒண்ணு ஓட, ஒண்ணு மாத்துக்கு. நடுவுல தடிமனா ஒரு துண்டு, அத இறுக்கிப் பிடிக்க பேரிங்கு, ரெண்டு பக்கமும் ஒல்லியா நீளுற கை, முனைக்கு முனை பேரிங்கு. எந்த ஷாஃப்ட்டுக்கும் ஆகாத வேகம்னு சிலது உண்டு, அதுல ஓட்டுனா துள்ளித் துள்ளி அறுத்துக்கிட்டுப் போயிடும். அது எனக்கே தெரியும். எந்த வேகம்னுதான் தெரியாது, அதுக்குத்தானே இஞ்சினியர்னு உங்களப் பிடிச்சோம்? நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூத்தம்பது சுத்துல தாராளமா ஓட்டலாம்னு எழுதிக் குடுத்தீங்க.

அந்தச் சத்தமா? பக்கத்துல வேலை நடக்குது, விடுங்க.

எப்படிக் கணக்கு போட்டீங்கன்னு உங்க ஆபீஸ் பொண்ணு வந்து சொல்லுச்சு. ஆமா, அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணுதான். மொறைக்காதீங்க. ஒரு வேகத்தக் குத்துமதிப்பா வச்சுக்கிட்டு, இந்த முனையில ஆரம்பிச்சு, துளித்துளியா வளைவக் கணக்கு பண்ணிக்கிட்டே அந்த முனைக்குப் போவீங்களாம். அங்க பேரிங்குல கச்சிதமா போய் உக்காந்தா, அதுதான் ஆகாத வேகம். ஒரு வேகத்துல முனை பேரிங்குக்கு மேல நிக்குது, அடுத்த வேகத்துல கீழ நிக்குதுன்னா, நடுவுல ஒண்ணு ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம். சரிதானே?

நீங்க நூறு நூறாத் தாண்டிப் பாத்திருக்கீங்க. ஆயிரத்து நானூறுல மேல. ஆயிரத்து ஐநூறுலயும் மேல. ஒண்ணுமில்லன்னு நடையக் கட்டிட்டீங்க. ஏன் சார், கதவத் தொறந்து பாத்தப்ப புள்ள கட்டில்ல இருந்துச்சு, மறுபடி பாத்தப்பயும் கட்டில்லதான் இருந்துச்சு. நடுவுல அது எந்திரிச்சு ரோட்டுக்குப் போயிட்டு வந்திருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்? ஷாஃப்ட்டோட ரெண்டு கையும் ஒரே அளவு. அதனால அந்த நூறுக்குள்ளயே ஆகாத வேகமும் ரெட்டப் புள்ளைங்களாட்டம் ஒட்டிக்கிட்டு ரெண்டா இருந்திருக்கு. ஒண்ணுல கீழ எறங்குச்சு, அடுத்ததுல மேல ஏறிடுச்சு. ரெண்டையும் கோட்டை விட்டீங்க.

சரி, தப்பு யாருக்கும் வரும். நானும் எத்தனையோ இரும்ப வீணாக்கியிருக்கேன். ஆனா உங்க கணக்குல மொதல்ல அகப்பட்டதே, ஒவ்வொரு கையும் பாம்பாட்டம் நெளியுற வளைவாமே? கயிறு சுத்தி வெளையாடுற புள்ளைங்களக் கேளுங்க. மொதல்ல ஒத்தத் தொப்பைதான் விழும், வேகம் கூடுனாத்தான் நெளியும். தொப்பை எங்க சார் காணோம்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சா இல்லையா? கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே கேட்டுச்சு. இன்னும் சின்னச் சின்னதா தாண்டி மறுபடி போட்டுப் பாக்கலாம்னுச்சு. உன் வேலையப் பாருன்னுட்டீங்க.

பாருங்க, டீயில வட்டம் வட்டமா நடுங்குது. டம்ளருக்குக் கீழ வேணா ஒரு துணிய வைங்க.

மில்லுக்காரர்கிட்ட சொல்லாம இருப்பேனா? சிரிச்சார். இஞ்சினியர் கையெழுத்துக்கு மேல நீ என்னய்யா பெரிய ஆளுன்னார். நீங்க சொன்னாத்தான் நிறுத்துவார். மத்தியானம் அங்க ஸ்விட்ச்சு போடறாங்க. அந்த மிஷின் பக்கத்துல நிக்கப் போறவ என் தங்கச்சி. ஆமா, கூடப் பொறந்தவ. இன்னைக்கு லீவு போடுடின்னேன். நான் போகலன்னா அங்க இன்னொருத்தி நிப்பா அண்ணாங்கறா. என்ன பேரம் பேசியும் மசியல. என் ரத்தமாச்சே.

எங்க எந்திரிக்கிறீங்க? கதவு பூட்டல சார், நான் அந்த மாதிரி ஆளில்ல. ஆனா வாசலுக்குப் போகணும்னா அந்தச் சத்தத்தத் தாண்டித்தான் போகணும்.

அதுவா? மாத்து ஷாஃப்ட்டு. இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம்தான் மாட்டியிருக்கு. தங்கச்சி புருஷன் தடுப்புக்குப் பின்னால நின்னு மெதுவா வேகத்த ஏத்திக்கிட்டிருக்கான். நீங்க எழுதிக் குடுத்த வேகத்துக்கு மேல ஒரு சுத்து கூட ஏத்தாதடான்னு சொல்லி வச்சிருக்கேன். உங்க கணக்கு சரின்னா நமக்கென்ன பயம்? நானும் எங்கயும் ஓடல பாருங்க, உங்க எதுக்கத்தான் உக்காந்திருக்கேன்.

காதுக்கு இப்ப ஆயிரத்து முன்னூறு தாண்டியிருக்கும் போல.

இந்தப் பட்டன அமுக்குனா அங்க லைட்டு எரியும், அவன் நிறுத்திடுவான். மில்லுல அப்படி பட்டன் கெடையாது, உங்க வாய்தான் இருக்கு. போன் முன்னாடிதான் இருக்கு. மில்லுக்காரரக் கூப்பிட்டு, என் கணக்கு தப்பு, மிஷினப் போடாதீங்கன்னு சொல்லுங்க. அந்தப் பொண்ணு சொன்னப்பவே செஞ்சிருக்க வேண்டியது.

எடுங்க சார். இப்பவாவது சரி பண்ணுங்க.