பெரிய கோட்டில பொம்பிளைக்கொரு கதிரை

...இல்லை, நான் கேக்கிறன் பிள்ளை, ஒருத்தி! ஒரே ஒருத்தி இருக்கப்படாதோ அந்தப் பெரிய கோட்டில? மேல இருந்த ஜட்ஜ் ஐயா ஆம்பிளை. வழக்குப் பேசுற அப்புக்காத்துமார் ரெண்டுபேரும் ஆம்பிளை. எழுதுறவர், கூப்பிடுறவர், பொலிஸ்காரர்... சுவரில தொங்கிற படங்கள்கூட மீசையும் தாடியும்! பொம்பிளை எண்டு அங்க நிண்டது சாட்சிக் கூட்டில ஏறின நான் ஒருத்திதான். உந்தப் பையைக் கொஞ்சம் மடியில வையும், இந்த இறுப்பிட்டி பஸ்ஸில கால் நீட்ட இடமில்லை.

நீர் சட்டம் படிக்கிற பிள்ளை எண்டதாலதான் சொல்லுறன். என்ர மனிசனைப் பக்கத்து வளவுத் தம்பு வேலிச் சண்டைக் கோவத்தில பின்னால வந்து கத்தியால வெட்டினவன். வலக்கை. மூண்டு விரல் இப்பவும் மடங்காது. விடியக் காலமை, நல்லதண்ணிக் கிணத்துக்குப் போற ஒழுங்கையில. இவர் திரும்பிப் பாக்க முன்னம் அவன் பனங்காணிக்குள்ள பாஞ்சிட்டான். கண்ட சாட்சி நான்தான். குடத்தோட வந்துகொண்டிருந்தனான், தம்புவைக் கண்ணாரக் கண்டனான் எண்டு போய்ச் சொன்னன்.

ஜட்ஜ் ஐயா கொழும்புப் பக்கத்தவர். தமிழ் மருந்துக்கும் தெரியாது. நான் ஒரு பாட்டம் அழுது சொன்னதை மொழிபெயர்க்கிற ஆள் கொட்டாவி விட்டுக்கொண்டு அரை வரியில முடிச்சார். உண்மையாத்தான்! பேந்து ஐயா ஒரு கேள்வி கேட்டார் பாரும்... குடம் தலையில இருக்கேக்கை எப்பிடித் திரும்பிப் பாத்தனீர் எண்டு. தலையிலயாம்! இடுப்பில குடம் வைக்கிறதைப் பிறந்ததுக்கும் காணேல்லையோ அந்தாள்? அவையின்ர வீட்டில தண்ணி தானா நடந்துவந்து கோப்பைக்குள்ள ஏறுமாக்கும்.

அந்த ஜட்ஜ் கதிரையளில எங்கட ஆக்களையும் இருத்தவேணும், முஸ்லிம் ஆக்களையும், மலைநாட்டு ஆக்களையும் இருத்தவேணும். சிங்கள ஆக்களும் இருக்கட்டும், நான் வேண்டாமெண்டே சொன்னனான்? ஆனா எல்லாத்திலயும் பாதி பொம்பிளையளாப் போடவேணும். வீட்டில இவர் சொல்லுறார், பொம்பிளையளுக்கு இளகின மனசு, தீர்ப்புச் சொல்ல ஏலாதாம். இளகின மனசோ! எங்கட ஒழுங்கையில ஆர் பொய், ஆர் மெய் எண்டு தீர்க்கிறது ஆர்? கிணத்தடியில நாங்கள்தானே!

தம்புவின்ர அப்புக்காத்து கேட்டார், அண்டைக்குத் தூறினதோ எண்டு. இல்லை எண்டன். எங்கட மனிசன் தான் குடையோட போனதா முதலே சொல்லிப்போட்டுது! அவ்வளவுதான். இந்தப் பொம்பிளை ஒண்டையும் காணேல்லையாம், பொம்பிளையள் எதையும் பெருப்பிச்சுச் சொல்லுறவையாம். தம்புவை விட்டாச்சு. ரெண்டு துளி தூறலுக்காக! ஒரு பொம்பிளை அங்க இருந்திருந்தா என்ர முகத்தைப் பாத்தே எல்லாம் விளங்கியிருப்பாள். எல்லாம்!

...என்ன? என்ன கேட்டனீர்?

ஓம், மகள் இருக்கு. மீனலோசனி. பத்தொன்பது வயசு. ஓம்... நல்லதண்ணிக்கு நெடுக அவள்தான் போறவள். அண்டைக்கு அவளுக்குத் தடிமன்... இல்லை, காய்ச்சல்... ஏன் பிள்ளை என்னை அப்பிடிப் பாக்கிறீர்?

சீ! ஒண்டரை வருசம் நடந்த வழக்கு. வீட்டில குமர்ப்பிள்ளை இருக்க, விடியப்புறம் தாய் ஏன் குடம் தூக்கினவள் எண்டு அத்தனை ஆம்பிளையளில ஒருத்தருக்கும் கேக்கத் தோன்றேல்லை. நீர் அல்லைப்பிட்டி தாண்டி ரெண்டு நிமிசத்தில கேட்டுப்போட்டீர்.

அவள்தான் கண்டவள். அம்மா, நான் வந்து சொல்லுறன், அப்பாவுக்காக நான் சொல்லுறன் எண்டு என்ர காலைப் பிடிச்சவள். நான்தான் விடேல்லை. வேலணையில இருந்து சம்மந்தம் பேசி வந்திருந்தது, கிளாக்கர் மாப்பிளை. கோடேறின பெட்டை எண்டு ஒரு சொல் வந்தா ஆர் கட்டுவினம்? வாயை மூடெண்டு அவளைப் பேசிப்போட்டு, அவள் கண்டதை நான் பாடமாக்கிக்கொண்டு போனன். தூறினதை அவளும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை.

உம்மைப்போல ஒருத்தி அந்தக் கதிரையில இருந்திருந்தா நான் அண்டைக்கே பிடிபட்டிருப்பன். என்னைப் பேசிப்போட்டு அவளைக் கூப்பிட்டிருப்பினம். தம்பு உள்ளுக்குப் போயிருப்பான். பொய்ச்சாட்சிக்கு எனக்கும் நாலு நாள் மறியல் கிடைச்சிருக்கும்... கிடைச்சா என்ன, இருந்திட்டு வந்திருப்பன். இப்ப அவன் எங்கட படலையடியால சிரிச்சுக்கொண்டு போறான். அவள் என்னோட முகம் குடுத்துக் கதைச்சு ரெண்டு மாசம்.

என்ன, எழும்புறீர்? வேலணையிலயோ இறங்கப் போறீர்? ஒரு நிமிசம் நில்லும், இதையும் கேட்டிட்டுப் போம்... அந்த மாப்பிளை வீட்டார் போன கிழமை ஆள் அனுப்பினவை. சம்மந்தம் வேண்டாமாம். பெட்டையில ஒரு குறையும் இல்லையாம், பிள்ளை. தாய் கோட்டில பொய் சொன்னவளாம்.